கிருத்திகா பெயரில் ஒரு நாத்திகன்

என்னைத் தூக்கிவிட்டார்கள்.

வேலையிலிருந்து இல்லை. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், வைட்ஃபீல்டில் கம்பெனிக்கா பஞ்சம்? என்னைத் தூக்கியது 'அல்சூர் தமிழ்ச் சொந்தங்கள்' வாட்ஸாப் குழுவிலிருந்து. காலையில் பல்கூடத் தேய்க்காமல், கடவுள் இல்லை என்பதற்குச் சுடச்சுட ஓர் ஆதாரம் தயார்செய்து அனுப்பப் பார்க்கிறேன், 'நீங்கள் இந்தக் குழுவில் இல்லை' என்கிறது போன். கடவுள் இல்லை என்று சொல்ல வந்தவனைப் பார்த்து நீயே இல்லை என்றால் வயிறு எரியுமா, எரியாதா?

குழுவின் அட்மின் ஓஸ்வால்ட் சார். ஆஸ்டின் டவுனில் பந்து உதைத்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான், விசிலுக்கு இல்லை. குழுவில் யாராவது தடித்த வார்த்தை எழுதினால் மஞ்சள் அட்டைப் படம் போடுவார். மறுபடியும் எழுதினால் சிவப்பு அட்டை. ஆளை வெளியே அனுப்பிவிடுவார். எனக்கு விழுந்தது சிவப்பு.

"கிருத்திகா! அநியாயத்தைப் பார்த்தியா? என்னைத் தூக்கிட்டாங்க!"

என் மனைவி சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கே தூக்கினாங்க? இங்கேதானே நிக்கிறீங்க?"

"குழுவிலேர்ந்து!"

"அய்யோ பாவம். எதிர்வீட்டு அண்ணனையும் தூக்கிட்டாங்களாம். லிஃப்ட்ல பேசிக்கிட்டாங்க."

அப்பாடா! பாதி வயிறு குளிர்ந்தது. எதிர்வீட்டு அண்ணன் என்று அவள் சொன்னது ஆராவமுதனை. பேங்க்கில் வேலை. நெற்றியில் நாமம் இல்லாமல் பால் பாக்கெட்கூட எடுக்க வெளியே வரமாட்டான். என் வாசலும் அவன் வாசலும் நேருக்கு நேர். என் ஜென்ம எதிரி.

ஜென்மம் என்றால் போன ஆடி மாதத்திலிருந்து. அதற்கு முன்னால் அவன் என் ஜென்ம நண்பன். தினமும் காலையில் இரண்டு பேரும் அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்போம். நடை முடிந்ததும் முனையில் கோவிந்தப்பா கடை. அங்கே நின்றபடி ஒரு பை-டு காபி. பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதற்குத்தான் பை-டு என்று பெயர். கருமித்தனம் என்று நினைக்காதீர்கள். முழு காபியைத் தனியாகக் குடித்தால் அது காபி. பாதிப் பாதியாகக் குடித்தால்தான் பேச்சு வரும்.

அந்தப் பேச்சு ஒரே ஃபார்வர்டில் நின்றுபோனது. 'கோயில் மணிச் சத்தம் கேட்டால் கிருமிகள் சாகும், விஞ்ஞானிகள் வியப்பு' என்று ஆராவமுதன் குழுவில் போட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? 'அப்படியென்றால் பட்டாச்சாரியாருக்கு ஏன் வருஷம் பூரா ஜலதோஷம்?' என்று கேட்டுவிட்டேன். அவன் என் பகுத்தறிவைப் பற்றிக் கேட்டான். நான் அவன் மூளையைப் பற்றிக் கேட்டேன். 'தண்ணி லாரி எப்ப வரும்?' என்று நடுவில் ஒரு அம்மா கேட்டார். 'ஆராவமுதனின் ஆண்டவனைக் கேளுங்கள்' என்று நான் போட்டேன். 'எல்லாம் தெரிந்த ரகுராமைக் கேளுங்கள்' என்று அவன் போட்டான். அந்த அம்மாவுக்கு அன்று தண்ணீர் வந்ததா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

ஆடி போய், ஆவணி போய், கார்த்திகையும் போய் மார்கழி வந்துவிட்டது. லிஃப்டில் அவன் இருந்தால் நான் படியில் இறங்குவேன். வீட்டிலும் உத்தரவு போட்டிருந்தேன்: "எதிர்வீட்டோட பேச்சுவார்த்தை கிடையாது. நீயும் வீணாகிட்ட பேசக் கூடாது!" வீணா அவன் மனைவி. கிருத்திகாவுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே சிநேகிதி. கிருத்திகா மறுபேச்சே பேசவில்லை. "சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு அவனைத் தேடியது. ஏரிக்கரையில் தனியாக நடந்தால் நடை முடியவே மாட்டேன் என்றது. ஒருநாள் பழக்க தோஷத்தில் கோவிந்தப்பாவிடம் "பை-டு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் இரண்டு டம்ளர் வைத்துவிட்டு, "ஏனு சார், இன்னொப்ரு பர்லில்வா?" என்றார். இன்னொருத்தர் வரவில்லையா என்று கேட்கிறார். வரவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "பின்னாடி வராரு" என்று சொல்லி இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன். தொண்டையில் இறங்கவே இல்லை.

ஆனால் அவன் வந்து மன்னிப்பு கேட்கட்டும். வாதத்தில் தோற்றேன் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளட்டும். அதற்குக் குழு வேண்டும். குழுவில் நான் இல்லை.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் மூளையில் பல்பு எரிந்தது.

"கிருத்தி, நீ அந்தக் குழுவில இருக்கேல்ல?"

"இருக்கேன். தண்ணி லாரி விஷயம் தெரியணுமே."

"நான் சொல்லச் சொல்ல நீ டைப் அடி. உன் பேர்ல போகட்டும்."

"நானா? கடவுள் இல்லைன்னா? வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவ நான். வாசல்ல நின்னு என் செருப்புக்குக் காவல் இருக்கிறது நீங்க."

அது உண்மைதான். அது எங்கள் வீட்டு ஒப்பந்தம். கொள்கைப்படி நான் கோயிலுக்குள் காலை வைக்கமாட்டேன். கொள்கைப்படி அவள் செருப்பைத் தொலைக்கமாட்டாள். அதனால் வெளியே நான் காவல்.

"ஒருத்தர் மனசு மாறக் கூடாதா? 'யோசித்துப் பார்த்தேன்'னு போடு."

"ஒரு கண்டிஷன். என் பேர்ல போறதுனால நான் படிச்சுப் பார்த்துத்தான் அனுப்புவேன்."

"படிச்சுக்கோ! படிச்சாலாவது உனக்கு அறிவு வளரட்டும்!"

அவள் போனை எடுத்தாள்.

"எழுது. 'மூடர்களே!'"

"'வணக்கம்'னு போட்டுட்டேன்."

"'உங்கள் மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிக்க வந்தேன்.'"

"'ஒரு சந்தேகம் கேட்க வந்தேன்.' மேலே?"

"'கடவுள் என்று ஒருவர் இருந்தால், மணிக்கணக்கில் நிற்கவைக்கிற சில்க் போர்டு சிக்னல் ஏன் இருக்கிறது, முட்டாள்களே?'"

"'சொல்லுங்களேன்'னு முடிச்சிருக்கேன். முட்டாளுக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான்."

"கடைசியில, 'பகுத்தறிவுப் போராளி கா. ரகுராம்'."

"என் பேர்ல போறப்ப உங்க பேரை எதுக்குப் போடறது? ஆத்திகம் நாத்திகம் இருக்கட்டும், கொஞ்சம் அறிவு வேண்டாமா?"

பதிவு போனது. போன வேகத்தில் பதினைந்து இருபது இதயங்கள் விழுந்தன. எனக்கு இத்தனை மாதத்தில் விழுந்ததெல்லாம் அட்டைதான்.

ராத்திரி சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிட்டது. யார் எழுதியது என்று நினைக்கிறீர்கள்? வீணா!

'வணக்கம் கிருத்திகா. நல்ல கேள்வி. அந்த சிக்னலில் நிற்கிற ஒவ்வொருத்தரும் எப்படியும் பச்சை விழும் என்று நம்பித்தானே நிற்கிறோம்? அந்த நம்பிக்கைக்கு எங்கள் வீட்டில் கடவுள் என்று பெயர்.'

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பார்த்தியா! எவ்வளவு நிதானமா, அழகா எழுதறாங்க! அந்த ஆராவமுதனுக்கு வாய்ச்ச பெண்டாட்டியைப் பாரு. அவனுக்குத் தலையில இருக்கிறது களிமண். அறிவு முழுக்க அந்த வீட்டில வீணாகிட்டதான் இருக்கு."

"அப்படியா?" என்றாள் கிருத்திகா. தட்டில் இன்னொரு கரண்டி புளியோதரை விழுந்தது. பெருங்காய வாசம் தூக்கியது.

"இது ஏது? நம்ம வீட்டுப் புளியோதரை இப்படி இருக்காதே?"

"கடையில வாங்கினது. சாப்பிடுங்க."

மறுநாள் அலுவலகத்திலிருந்து மெட்ரோவில் திரும்பும்போது வழியெல்லாம் வீணாவுக்குப் பதில் யோசித்தேன். வீணாவை மூடர் என்று எழுத எனக்கே வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: 'பச்சை விழுவது டைமரால், சகோதரி. நம்பிக்கையால் இல்லை.' கிருத்திகா ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

'டைமர் வேலை செய்யாவிட்டால்?' என்று வீணா கேட்டாள்.

'போலீஸ்காரர் வந்து கை காட்டுவார்.'

'அவரும் வராவிட்டால்?'

இதற்கு மட்டும் ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "போலீஸ்காரர் வரலைன்னா?" என்று அவரையே திருப்பிக் கேட்டுவிட்டேன். கடைசியில் எழுதினேன்: 'அப்போது நாலு பேர் வண்டியை விட்டு இறங்கி ஒருத்தருக்கொருத்தர் வழி விடுவார்கள். மழை நாளில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.'

'அந்த நாலு பேருக்குள் இறங்கி நிற்பவரைத்தான் நான் கடவுள் என்கிறேன்.'

'அந்த நாலு பேரைத்தான் நான் மனுஷன் என்கிறேன்.'

'பேரில்தான் சண்டை போலிருக்கிறது, சகோதரி. வழி விட்டால் சரி' என்று வீணா முடித்தாள்.

குழுவே கைதட்டியது. தண்ணி லாரி அம்மாகூட கும்பிடு படம் போட்டார். தோற்ற மாதிரியும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை. ஆனால் ரொம்ப நாளைக்கு அப்புறம் யாரோ என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு வரி சேர்த்துச் சொன்னேன்: 'உங்கள் கணவருக்கு இல்லாத பக்குவம் உங்களுக்கு இருக்கிறது, சகோதரி.' கிருத்திகா அதையும் அனுப்பினாள், நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டின மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே அவள் இருமினாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை.

பதில் வந்தது. 'நன்றி. உங்கள் வீட்டுக்காரரின் அவசரபுத்தி உங்களிடம் கொஞ்சமும் இல்லை.' எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. 'எங்கள் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் முழு காபி வாங்குகிறார். பாதிக்குமேல் இறங்கவில்லையாம். அப்படியே வைத்துவிட்டு வருகிறார்.'

அதை நான் மறுபடி மறுபடி படித்தேன்.

பாவி! அவனுக்கும் இறங்கவில்லையா! வெட்கத்தை விட்டு மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறான், அவளும் வெள்ளந்தியாகக் குழுவில் போட்டுவிட்டாள். நான் பெரிய மனுஷன். மன்னிப்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை, ஏரிக்கரையில் பனி. கோவிந்தப்பா கடையில் எனக்கு முன்னால் ஆராவமுதன் நின்றான். என்னைப் பார்த்ததும், பரீட்சையில் பெயிலான பையனைப் பார்க்கிற மாதிரி பரிதாபமாகச் சிரித்தான். நானும் அதே மாதிரி சிரித்தேன். கோவிந்தப்பா யாரையும் கேட்கவில்லை. ஒரு காபியை இரண்டாக ஊற்றி வைத்தார்.

"பரவாயில்லை விடு ரகு. உன்னை மன்னிச்சுட்டேன்" என்றான்.

"நீ என்னை மன்னிக்கறியா? நான்தான்யா உன்னை மன்னிக்க வந்திருக்கேன்!"

"நீ ஏரிக்கரையில தனியாப் பேசிக்கிட்டே நடக்கறதா உன் வீட்டம்மா எழுதியிருந்தாங்க. மனசே கேட்கலை."

"யாரு, கிருத்திகாவா? நீதான் காபி இறங்காம தவிக்கிறதா உன் வீட்டம்மா எழுதினாங்க!"

"வீணா எழுதலை. அவ பேர்ல எழுதறதே நான்தான்!"



"என்னது? கிருத்திகா பேர்ல எழுதறது நான்!"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஏரியில் நாரை ஒன்று எழும்பிப் போனது. கோவிந்தப்பா பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்போ உங்க கணவருக்கு இல்லாத பக்குவம் உங்களுக்கு இருக்கு சகோதரின்னு எழுதினது..."

"என் அவசரபுத்தியைப் பத்தி எழுதினது..." என்றேன் நான்.

"சகோதரியா நானு!" என்று தலையில் அடித்துக்கொண்டான் ஆராவமுதன். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "அந்த நாலு பேர் வழி விடறது நீ எழுதினதா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சுடா."

"உன்னோடதும்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன்தான் முதலில் சுதாரித்தான். "இரு. ஆனா காபி இறங்கலைன்னு நான் எழுதவே இல்லையே. இறங்கலைங்கிறது நிஜம்தான், அதுக்காகக் குழுவிலயா போடுவேன்?"

"தனியாப் பேசறேன்னு நானும் எழுதலை. பேசறது வாஸ்தவம்தான்."

"அப்போ..."

காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். நடந்தோம் என்ன, ஓடினோம். என் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீடு திறந்திருந்தது. உள்ளே கூடத்தில் ஒரு முறம், ஒரு கூடை, நடுவில் மலையாக அவரேக்காய், நம்ம ஊர் மொச்சை. இந்தப் பக்கம் வீணா, அந்தப் பக்கம் கிருத்திகா. உரித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில், அன்றைக்கு என் வீட்டுக்குக் 'கடைப் புளியோதரை' வந்த பாத்திரம், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"நான் பேசக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருந்தேன்!" என்று கத்தினேன்.

"வாட்ஸாப்லதானே?" என்றாள் கிருத்திகா. "நேர்ல பேசக் கூடாதுன்னு நீங்க குறிப்பாச் சொல்லலையே."

"எங்களைக் கேட்காம எங்க பதிவில நீங்க எப்படி வரி சேர்க்கலாம்?" என்றான் ஆராவமுதன்.

"உங்க பதிவா?" என்றாள் வீணா. "எங்க பேர்ல போச்சு. எங்க பேர்ல நாங்க ரெண்டு வரி எழுதக் கூடாதா?"

ஆராவமுதன் மெல்ல உட்கார்ந்து ஓர் அவரேக்காயை எடுத்தான்.

"சரி" என்றேன், மீசையில் மண் ஒட்டாத குரலில். "போனது போகட்டும். ஓஸ்வால்ட் சார்கிட்ட சொல்லி எங்க ரெண்டு பேரையும் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்க."

"ஓஸ்வால்ட் சார் எங்கே இருக்கார்? அவர் குழுவை விட்டு ரொம்ப நாளாச்சு. வீட்டைக் கவனிக்காம விசில் ஊதிக்கிட்டே இருக்காருன்னு அவர் வீட்டம்மா மௌரீன் ஆன்ட்டி போனைப் பிடுங்கி வெச்சுட்டாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சுதான் தருவாங்களாம்" என்றாள் கிருத்திகா.

"அப்போ அட்மின் யாரு?"

வீணா கிருத்திகாவைப் பார்த்தாள். கிருத்திகா வீணாவைப் பார்த்தாள்.

"எங்களுக்குச் சிவப்பு அட்டை குடுத்தது?" என்றேன்.

"அண்ணனைத் தூக்கினது நான். உங்களைத் தூக்கினது வீணா" என்றாள் கிருத்திகா. "சொந்தப் புருஷனைத் தூக்கினா பாவமில்லையா? அதான் மாத்திக்கிட்டோம்."

"நாங்க உங்க பேர்ல எழுத வருவோம்னு..."

"ரெண்டு நாள் தாங்க மாட்டீங்க, மூணாம் நாள் வருவீங்கன்னு நான் சொன்னேன். அண்ணன் ரெண்டாம் நாளே வந்துட்டாராம்." பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்ன செய்யச் சொல்றீங்க? ஆடியிலேர்ந்து உங்க மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை. அவரோட நடக்கப் போன நாள்லதான் நீங்க வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வருவீங்க. எனக்கு அந்த மனுஷன் வேணும்."

இதற்கு மேல் நான் எங்கே சண்டை போடுவது? ஆனாலும் ஆண்பிள்ளை கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. ஆராவமுதனும் நானும் கூடி ஆலோசித்தோம். ஆடிக்கு அப்புறம் முதல் தடவையாக ஒரே சோபாவில் உட்கார்ந்து, அவன் ஒரு வார்த்தை நான் ஒரு வார்த்தையாக ஒரு கண்டன அறிக்கை தயார் செய்தோம். 'குடும்பத் தலைவிகளின் சர்வாதிகாரம் ஒழிக' என்று தொடங்கியது. 'எங்கள் கருத்துரிமையைப் பறித்த சதியை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று போனது. 'சர்வாதிகாரம்' என்ற வார்த்தையில் இரண்டு பேரும் மனப்பூர்வமாக ஒத்துப்போனோம். கீழே அவன் பெயர், அதற்குக் கீழே 'பகுத்தறிவுப் போராளி கா. ரகுராம்'.

"இதைக் குழுவில போடு" என்று கிருத்திகாவிடம் நீட்டினேன். "எங்க பேர்லயே போகட்டும்."

"கொடுங்க. படிச்சுப் பார்த்து அனுப்பறேன்."

அவள் படித்தாள். வீணாவிடம் கொடுத்தாள். வீணா படித்தாள். இரண்டு பேரும் என்னவோ குசுகுசுத்தார்கள். அவரேக்காய் நாற்றம் பிடித்த விரலால் கிருத்திகா நாலு தட்டுத் தட்டினாள். குழுவில் பதிவு வந்து விழுந்தது.

'எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் கொடுத்த தொந்தரவுக்கு மன்னிக்கவும். கடவுள் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை, அதை இனி ஏரிக்கரையில் வைத்துக்கொள்கிறோம். மனைவி விஷயத்தில் ஒத்துப்போய்விட்டோம். அவர்கள் சொல்வதே சரி. தண்ணி லாரி நாளை காலை ஏழு மணிக்கு வரும். இப்படிக்கு, ஆராவமுதன், ரகுராம்.'

இதயம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அல்சூர் தமிழ்ச் சொந்தங்களின் வரலாற்றிலேயே இவ்வளவு கைதட்டல் வாங்கிய பதிவு அதுதான் என்கிறார்கள். அதில் நான் எழுதியதில் மிஞ்சியது என் பெயர் ஒன்றுதான். அதற்கு முன்னால் இருந்த 'பகுத்தறிவுப் போராளி'யையும் வெட்டிவிட்டாள்.